ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டிய கார் எரிந்தது: யார் மீது வழக்குப் போடுவது?

கேள்வி: என் பெட்ரோல் கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கம்பெனி வாரன்ட்டி மூன்று வருடம். செப்டம்பர் மாதம் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் ரிமோட் ஸ்டார்ட்டரும் அலாரமும் சேர்ந்த செட்டை ரூ.14,500 கொடுத்து மாட்டினேன். பில்லில் ‘கார் அக்சஸரீஸ்’ என்று மட்டும் எழுதி, கீழே ‘எலக்ட்ரிக்கல் பொருட்களுக்கு கேரண்டி இல்லை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ஜனவரியில் ஒரு நாள் காலை, தெருவில் நின்ற காரை மாடியிலிருந்தே ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தேன். கீழே வருவதற்குள் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து தீ. பக்கத்துக் கடைக்காரர் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். வயரிங் கிட், டாஷ்போர்டு எல்லாம் மாற்ற ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்கிறார்கள். வெளியாள் வயரை வெட்டி இணைத்ததுதான் காரணம், வாரன்ட்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்துவிட்டது. ஜூனில் புதுப்பித்த பாலிசி இருந்தும், ‘மின் கோளாறு, தெரிவிக்காத மாற்றம், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52’ என்று மூன்று காரணம் சொல்லி இன்சூரன்ஸ் க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். கடைக்காரரோ காரில்தான் கோளாறு என்கிறார். கோபத்தில் கார் கம்பெனிக்கு ‘உற்பத்திக் குறைபாடு’ என்று மெயில் அனுப்பிவிட்டேன். மூவர் மீதும் வழக்குப் போடலாமா?
- மதுரை வாசகர்

பதில்: போடலாம், ஆனால் மூவர் மீதும் வேண்டாம். கடைக்காரர் மீதும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மீதும் போடுங்கள். கார் கம்பெனியை விட்டுவிடுங்கள். சர்வீஸ் சென்டர் கொடுத்த அந்தக் கடிதம் உங்களுக்கு எதிரானது என்று நினைக்கிறீர்கள். உங்கள் கையில் உள்ள ஆவணங்களிலேயே உங்களுக்கு அதிகம் உதவப் போவது அதுதான்.

ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டுகிறவர் இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் தடித்த வயர்களில் கை வைக்கிறார். பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன், இக்னிஷன், ஸ்டார்ட்டர், ஏ.சி. ஃபேனுக்கான லைன் எல்லாமே அதிக கரன்ட் ஓடுபவை. அந்த இணைப்பை ஈயம் வைத்தோ சரியான கிரிம்ப் (வயர்களை உலோகக் குழலில் செருகி அழுத்தும் இணைப்பு) போட்டோ இறுக்கி, பேட்டரிக்கு அருகிலேயே அளவான ஃப்யூஸ் போட வேண்டும். வயரின் தோலைச் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் சில மாதங்களில் முறுக்கு தளரும், அந்த இடம் சூடேறும், ஃப்யூஸ் இல்லையென்றால் வயரே எரியும். நீங்கள் சொல்வதும் அப்படித்தான் ஒலிக்கிறது. ஆனால் என் ஊகத்தை நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஏற்காது, அங்கே வைக்க நிபுணர் அறிக்கை வேண்டும். நுகர்வோர் வழக்கில் சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அதனால் காரை இப்போது பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். எரிந்த வயர், அந்த யூனிட், இரண்டு ரிமோட், பெட்டி, எல்லாம் அப்படியே இருக்கட்டும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் வீடியோ எடுத்துக்கொண்டு கழற்றி, கவரில் போட்டு சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஒருவரிடமோ, வாகனச் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற தனி சர்வேயரிடமோ காட்டி, தீ தொடங்கிய இடம் எது, இணைப்பு எப்படி இருந்தது, ஃப்யூஸ் இருந்ததா என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 38-ன் கீழ் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தையும் கேட்கலாம். கட்டணம் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது.

கடைக்காரர் மீதான வழக்கு பலமானது. பொருளை விற்று அவரே மாட்டியும் கொடுத்ததால், 2019 சட்டம் அவரை விற்பனையாளர், சேவை வழங்குநர் என்ற இரண்டு நிலையிலும் பிடிக்கிறது. வேலை அரைகுறையாக இருந்தாலோ, ஆபத்தைத் தடுக்கத் தேவையான எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டாலோ பிரிவு 85-ன் கீழ் அவர் பொறுப்பு. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த செட்களில் பலவற்றில் இருக்காது. யார் தயாரித்தது என்றே தெரியாத பொருளை விற்றவர், பிரிவு 86-ன்படி தயாரிப்பாளரின் இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவுகளில் சொத்துச் சேதத்தைப் பொறுத்தவரை ‘தீங்கு’ என்பது, விற்ற பொருளுக்கே நேர்ந்த சேதத்தைக் குறிக்காது, மற்ற சொத்துக்கு நேர்ந்த சேதத்தையே குறிக்கும். இங்கே விற்ற பொருள் ரிமோட் செட், எரிந்தது கார். அதனால் ரூ.14,500-க்கு வாங்கிய பொருளுக்காக 1,80,000 கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. ‘கேரண்டி இல்லை’ என்று பில்லில் அச்சடித்துவிட்டதால் கவனக்குறைவான வேலைக்கான பொறுப்பு அவரை விட்டுப் போய்விடாது. அந்த வரிக்கு பயந்து எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் கடைக்காரரின் வக்கீல் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்: வண்டிக்குள் ஆள் இல்லாமல் தெருவில் ஏன் ஸ்டார்ட் செய்தீர்கள்? மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 126-ன்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது ஆள் இல்லாதபோது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கியரில் நிற்கும் மேனுவல் வண்டியை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் அது முன்னால் பாய்ந்துவிடும். உங்கள் வண்டி நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு நின்றதா என்று நீங்கள் எழுதவில்லை. அதை உள்ளது உள்ளபடி மனுவில் சொல்லுங்கள். வண்டி நகர்ந்து விபத்து நடக்கவில்லை, வயரிங்தான் எரிந்தது. ஆகவே நீங்கள் இருக்கையில் இல்லாததற்கும் தீக்கும் தொடர்பில்லை என்று வாதாடலாம். அந்தக் கருவியின் பயனே தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்வதுதான். அதை விற்றவரே பயன்படுத்தியது தப்பு என்று சொல்வதை ஆணையம் எளிதில் ஏற்காது. இனி தெருவில் அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். தனியார் காருக்கான பேக்கேஜ் பாலிசியில் (மூன்றாம் நபருக்கான பொறுப்போடு சொந்தக் காரின் சேதத்தையும் ஏற்கும் பாலிசி) தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல் ஆகியவை முதலிலேயே உள்ள ஆபத்துகள். மின் கோளாறு என்ற விலக்கு, ஒரு பாகம் தானாகச் செயலிழந்து போவதற்கானது. அந்தக் கோளாற்றிலிருந்து தீ பிடித்துப் பரவினால் தீயால் வந்த சேதம் பாலிசிக்குள் வரும் என்பது நம் வாதம். விலக்குப் பிரிவு பொருந்துகிறது என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. 2023-ல் வேதிக் ரிசார்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ‘வயர் உருகியது, தீ பிடிக்கவில்லை’ என்று அவர்கள் வாதிடுவார்கள். கருகிய டாஷ்போர்டின் போட்டோவும், மண் போட்டு அணைத்தவரின் பிரமாணப் பத்திரமும் அதற்குப் பதில். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தெரிவிக்காத மாற்றம் என்ற காரணத்தில் உங்களுக்குத் தேதி உதவுகிறது. பாலிசி ஜூனில், கருவி செப்டம்பரில். பாலிசி கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் மறைத்ததாக அவர்கள் சொல்லவே முடியாது. கம்பெனி விலையில் அடங்காத மின்சாதனத்தைத் தனியாகச் சேர்க்க ஐ.எம்.டி. 24 என்ற பாலிசி இணைப்பு (எண்டார்ஸ்மென்ட்) உண்டு. அதை நீங்கள் எடுக்கவில்லை, ஆகவே ரிமோட் செட்டின் விலை கிடைக்காது. காரின் சேதம் வேறு. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்றே ஆணையம் கருதினாலும், உச்ச நீதிமன்றத்தின் 2010 அமலேந்து சாஹு தீர்ப்பைக் காட்டி, தகுந்த தொகையில் 75 சதவீதம் வரை கேட்கலாம். பிரிவு 52-ஐ இழுத்திருப்பது என் பார்வையில் வலுவற்ற வாதம். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. ரிமோட் ஸ்டார்ட்டரால் ஆர்.சி.யில் எந்த விவரமும் மாறவில்லை.

கார் கம்பெனியை ஏன் விடச் சொல்கிறேன்? வெளியில் கை வைத்தாலே முழு வாரன்ட்டியும் போய்விடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான உத்தரவில் கண்டித்தது. வெளி வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அபராதத்தை எதிர்த்து சில நிறுவனங்கள் மேல்முறையீடு சென்று 2016-ல் தொகை குறைந்தது. எப்படிப் பார்த்தாலும் உங்கள் சேதம் வெளி வேலையால் வந்தது என்றுதான் தெரிகிறது. எனவே இந்த எரிந்த பாகங்களுக்கு வாரன்ட்டி கேட்பது வீண். கியர்பாக்ஸ் போன்ற மற்ற பாகங்களுக்கு வாரன்ட்டி தொடர்கிறது என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், கடைக்காரர் மீது ‘வயரிங் வேலை மோசம்’ என்றும் கார் கம்பெனி மீது ‘உற்பத்திக் குறைபாடு’ என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் இரண்டுமே பலவீனமாகும். அந்த மெயிலுக்கு இன்றே தொடர்ச்சி அனுப்புங்கள்: அப்போது காரணம் தெரியாமல் எழுதியது, இப்போது சர்வீஸ் சென்டர் ஆய்வைக் கண்டபின் அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி போதும். வயரிங்தான் காரணம் என்று நிலைநாட்டுவது கடைக்காரரை மடக்கும், இன்சூரன்ஸ் வழக்கைக் கெடுக்காது. யார் கவனக்குறைவால் வந்தாலும் தீ தீதான்.

சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் இருவருக்கும் 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்ற வழியும் உண்டு. ஆனால் அங்கே கடைக்காரரைச் சேர்க்க முடியாது, ஆணையத்தில் வழக்கு இருந்தால் அவர்கள் எடுக்கவும் மாட்டார்கள். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் உங்களுக்கு நல்லது.

உடனே பார்க்க வேண்டியது இன்னொன்று. காரின் சாவியில் சிப் இருந்தால், அந்தச் சாவி இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசரைத் தாண்ட உங்கள் இரண்டாவது சாவியையே டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்து சிலர் வேலையை முடித்துவிடுவார்கள். உங்கள் இரண்டாவது சாவி எங்கே? நாளை வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்று வண்டிக்குள்ளேயே இருந்தது என்றால் அந்த க்ளெய்மும் சிக்கும்.

நோட்டீஸ் போனதும் கடைக்காரர் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துக் கேட்கக்கூடும். இன்சூரன்ஸ் முடிவாகும்வரை போடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு கடைக்காரரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உண்டு. அந்த உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்து முடித்துவிட்டால், அதையே காட்டி உங்கள் க்ளெய்மை மறுப்பார்கள். பணம் வாங்குவதானால் ‘பகுதித் தொகை, மற்ற உரிமைகளுக்குப் பாதிப்பின்றி’ என்று ரசீதில் எழுதி, வங்கி வழியாக வாங்குங்கள்.