ஃப்ரீலான்ஸ் வேலையில் கிளையன்ட் மெயில்களைத் தவறவிடாமல் வேலைப் பட்டியலாக மாற்றுவது எப்படி?

கேள்வி கேட்டவர் ஐந்தாறு கிளையன்ட்களுக்கு வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மெயில் வருகிறதாம். ஸ்டார் போட்டு வைத்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு விட்டுப்போகின்றன, கிளையன்ட் ஞாபகப்படுத்தும்போதுதான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வரிதான் தைத்தது. எனக்கு விட்டுப்போன மெயிலை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் திருச்சியில் வீட்டிலிருந்தபடி புத்தக லே-அவுட், அதாவது பக்க வடிவமைப்பு, செய்கிறேன். சின்னப் பதிப்பகங்கள், சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்கள், ஒன்றிரண்டு கல்லூரி மலர்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நவம்பர் பிறந்ததும், ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். 2018 டிசம்பரில் என் கையில் ஒன்பது புத்தகங்கள் இருந்தன.

அதில் ஒன்று, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை தன் ஊரைப் பற்றி எழுதிய நினைவுகள். 176 பக்கம். ஒன்றாக அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் சரியாகப் பதினோரு ஃபாரம். 300 பிரதி. அவர் மிகவும் கவனமானவர். ஒவ்வொரு புரூஃபுக்கும் பக்க எண், வரி எண் போட்டுத் திருத்தம் அனுப்புவார். மூன்றாம் புரூஃப் முடிந்து அட்டை மட்டும்தான் பாக்கி. தலைப்பு எந்த நிறத்தில் வர வேண்டும் என்று எங்களுக்குள் ஏழெட்டு மெயில் போய்வந்தது. அதில் ஒரு பதிலின் முதல் வரி, அடர் நீலமே இருக்கட்டும் என்பது. அதற்குக் கீழே இரண்டு வரி தள்ளி, சமர்ப்பணப் பக்கத்தில் அம்மாவின் பெயருக்குக் கீழே அத்தையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள், என்னை வளர்த்தது அவர்தான் என்று எழுதியிருந்தார்.

அந்த மெயில் வந்தபோது நான் தங்கையின் வளைகாப்பில் இருந்தேன். போனில் திறந்தேன். இரண்டு வரியையும் படித்தேன். படிக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று ஸ்டார் போட்டேன். அப்போதே என் ஜிமெயிலில் ஸ்டார் போட்ட மெயில்கள் நூறைத் தாண்டியிருந்தன. ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது அந்த மெயில் படித்த மெயிலாக மாறி, 'அட்டை நிறம்' என்ற தலைப்பின் கீழ் மற்றவற்றோடு சேர்ந்து மடங்கிக் கிடந்தது. நீலத்தை மாற்றினேன். அட்டை பி.டி.எஃப்-ஐ அனுப்பினேன். வேலை முடிந்தது என்று ஸ்டாரை எடுத்தேன்.

வெளியீட்டு விழா மன்னார்குடியில். முதல் பிரதியை அத்தையின் கையில் கொடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். மறுநாள் எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "ஏம்மா, அந்தப் பக்கத்தை மட்டும் மாத்தலையா? நான்தான் அனுப்ப மறந்துட்டேனோன்னு ராத்திரி பூரா பழைய மெயிலெல்லாம் தேடிட்டு இருந்தேன்" என்றார். என் தவறுக்கு அவர் தன் மேல் சந்தேகப்பட்டு ஒரு ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு சரியாக இருக்காது.

நாற்பது பிரதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மீதி எல்லாவற்றிலும் பழைய தாளை ஓரத்தில் ஒரு நூல் அகலம் மட்டும் விட்டு வெட்டி எடுத்து, புதிதாக அடித்த தாளை அதே இடத்தில் ஒட்டிக் கொடுத்தார் பைண்டர். தாள், அச்சு, கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். அதை நான்தான் கொடுத்தேன். அத்தையின் கையில் இருந்த பிரதிக்குப் பதிலாகப் புதுப் பிரதியைக் கூரியரில் அனுப்பினேன்.

கடைசி பி.டி.எஃப்-ஐப் பார்த்து அவரும்தானே சரி என்று சொன்னார், தப்பு உங்களுடையது மட்டுமா என்று இங்கே யாராவது எழுதுவீர்கள். சட்டப்படி பேசினால் சரிதான். ஆனால் அவர் எழுதி அனுப்பிவிட்டார். நானும் 'சரிங்க டீச்சர்' என்று பதில் போட்டிருந்தேன். சரி என்று சொன்னவரை நம்பி ஒரு பக்கத்தைத் திரும்பப் பார்க்காமல் விட்டதை நான் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் டிசைனரா, மொழிபெயர்ப்பாளரா, கணக்கு எழுதுகிறவரா என்று கேள்வியில் இல்லை. எதுவானாலும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மெயிலை ஒரு வேலையாக எண்ணுகிறோம். கிளையன்ட் அப்படி எழுதுவதில்லை. ஒரு மெயிலில் நாலு வேலை இருக்கும், ஒரே வேலை நாலு மெயிலில் சிதறி வரும், தலைப்பு ஒன்றாகவும் உள்ளே கேட்பது வேறாகவும் இருக்கும். இன்பாக்ஸ் யார் கடைசியாக எழுதினார்களோ அவர்களை மேலே காட்டும். எந்த வேலை அவசரம் என்று அதற்குத் தெரியாது. ஸ்டார் போட்டால் மெயிலுக்குத்தான் அடையாளம் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் மூன்றாவது வரிக்குக் கிடைப்பதில்லை. என் கதையில் விட்டுப்போனது அந்த மூன்றாவது வரிதான்.

அதனால் 2019 தொடக்கத்திலிருந்து கேட்டதை மெயிலிலிருந்து பிரித்து வெளியே எழுதிவைக்கிறேன். ஒரு கூகுள் ஷீட். வந்த தேதி, யார், என்ன செய்ய வேண்டும், எந்தப் புத்தகம், எப்போதைக்குள், நிலை. ஆறு கட்டம்தான். ஒரு மெயிலில் பதினான்கு திருத்தம் இருந்தால் பதினான்கு வரி. சலிப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எழுதும்போதே எது புரியவில்லை என்பது தெரிந்துவிடும், உடனே கேட்டுவிடலாம். 'என்ன செய்ய வேண்டும்' கட்டத்தில் வெறுமே 'அட்டை' என்று எழுதக் கூடாது. 'தலைப்பை அடர் நீலமாக்கி அட்டை பி.டி.எஃப். அனுப்பு' என்று வினைச்சொல்லோடு எழுதுங்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் மெயிலைத் திறக்காமல் வேலையைத் தொடங்க முடிய வேண்டும்.

நிலை கட்டத்தில் மூன்றே சொல். என்னிடம், அவரிடம், முடிந்தது. இதில் 'அவரிடம்' என்பதைத்தான் பலரும் வைத்துக்கொள்வதில்லை. நாம் ஒரு சந்தேகம் கேட்டு மெயில் அனுப்பிவிட்டால் மனசு அந்த வேலையை இறக்கி வைத்துவிடும். கிளையன்ட் பதில் போடாவிட்டால் அது அப்படியே நின்றுபோகும், கடைசியில் தாமதம் நம் தலையில் விழும். திங்கட்கிழமைதோறும் 'அவரிடம்' இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாபக மெயில் அனுப்புகிறேன். இருபது நிமிடம் ஆகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது இதை. பட்டியலைக் கிளையன்டுக்கே திருப்பி அனுப்புங்கள். 'பார்க்கிறேன்', 'சரி', 'ஓகே சார்' என்று பதில் போடுவதை விட்டுவிட்டேன். "உங்கள் மெயிலில் மூன்று வேலை பார்த்தேன். ஒன்று, தலைப்பு அடர் நீலம். இரண்டு, சமர்ப்பணத்தில் அத்தையின் பெயர். மூன்று, பின்னட்டைப் படம் மாற்றம். வெள்ளி மாலைக்குள் அனுப்புகிறேன். விட்டது இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதுவேன். 2018-இல் இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால், நான் விட்டதை அந்த டீச்சரே பிடித்திருப்பார். வாட்ஸாப்பில் வாய்ஸ் நோட் அனுப்புகிறவர்களுக்கும் இதையேதான் செய்கிறேன். கேட்டு, வரிவரியாகத் தட்டச்சு செய்து, மெயிலில் அனுப்பி, இதுதானே சொன்னீர்கள் என்று கேட்பேன். ஆரம்பத்தில் இரண்டு பேருக்குக் கோபம் வந்தது. இப்போது அவர்களே பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள்.

போனில் மெயில் படிப்பதை முடிந்தவரை நிறுத்திவிட்டேன். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, கம்ப்யூட்டரில், ஷீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு. அவசரம் என்றால் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். வேறு வழியில்லாமல் போனில் திறந்துவிட்டால், மூடுவதற்கு முன் மறுபடி படிக்காததாக மாற்றிவிடுவேன். ஒரே தலைப்பில் வரும் மெயில்களை ஒன்றாக மடித்துக் காட்டும் கான்வர்சேஷன் வியூவையும் ஜிமெயில் செட்டிங்ஸில் அணைத்துவிட்டேன். மெயில்கள் தனித்தனியாக வந்து நிற்கும், இன்பாக்ஸ் நீளமாகத் தெரியும். தெரியட்டும். மடங்கிக் கிடப்பதற்கு அது மேல்.

வேலைப் பட்டியல் போட ட்ரெல்லோ, நோஷன் என்று செயலிகள் இருக்கின்றன, இந்தக் காலத்தில் ஷீட்டா என்று கேட்பவர்கள் தாராளமாக அவற்றைப் பயன்படுத்துங்கள். நான் ட்ரெல்லோவில் எட்டு மாதம் இருந்தேன். நல்ல கருவிதான், அதில் ஒவ்வொரு போர்டுக்கும், அதாவது வேலைப் பலகைக்கும், ஒரு மெயில் முகவரி கொடுக்கும், மெயிலை அதற்கு ஃபார்வர்டு செய்தால் பலகையில் ஒரு வேலைக் கார்டாகிவிடும். ஜிமெயிலிலேயே கீபோர்டு ஷார்ட்கட்டை ஆன் செய்துகொண்டால் ஷிஃப்டையும் டி எழுத்தையும் சேர்த்து அழுத்தி மெயிலை டாஸ்க் பட்டியலில் போடலாம், மூல மெயிலுக்கான இணைப்பும் கூடவே இருக்கும். ஒரு மெயிலுக்கு ஒரு வேலை என்றால் இது போதும். எனக்கு ஒரு மெயிலுக்குப் பதினான்கு. முழு மெயிலையும் கார்டாக மாற்றியபோது, இன்பாக்ஸில் படிக்காமல் விட்டதைக் கார்டில் படிக்காமல் விட்டேன். கையால் பிரித்து எழுதுவதுதான் எனக்குக் கவனத்தைக் கொடுத்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வரவில்லை.

பணத்துக்கும் இதே ஷீட்டில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் இந்தியாவில் இருந்தால், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், அரசுத் தளத்தில் இலவசம், தனி ஆளாகவே செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் உடன்பாடு இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். உடன்பாடு இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. வேலையில் குறை இருந்தால் கிளையன்ட் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். அதனால் இறுதிக் கோப்பை அனுப்பிய மெயிலின் தேதியை நான் தனியாகக் குறித்து வைக்கிறேன். ஒரு பதிப்பகத்திடம் ஐந்து மாத பாக்கியை இந்தத் தேதிகளைக் காட்டித்தான் வாங்கினேன். வட்டி கேட்கவில்லை, அசலே போதும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எந்தக் கருவியிலும் படிக்க முடிகிற பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடை, தமிழக அரசு 2010-லேயே அரசாணை போட்டு ஏற்றுக்கொண்டது. இன்னும் எனக்கு வரும் மூலப் பிரதிகளில் பல பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. பாமினியில் திரையில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகள்தான். மெயிலில் யூனிகோடில் திருத்தம் வரும், கோப்பு பழைய எழுத்துருவில் இருக்கும். திருத்த வேண்டிய சொல்லை மெயிலிலிருந்து நகலெடுத்துத் தேடினால் கிடைக்காது, பக்கம் பக்கமாகக் கண்ணால் தேட வேண்டும். எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் யூனிகோடாக்கினால் இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாக உடைந்துபோகும், அதை உட்கார்ந்து சரிசெய்ய இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குப் பணம் கேட்டால், டைப் செய்ததைத்தானே கொடுத்தோம், இதற்கென்ன தனிக் காசு என்கிறார்கள். போனில்கூடத் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. தயவுசெய்து யூனிகோடில் அடியுங்கள். புத்தகத்தில் பிழை வந்தால் லே-அவுட் செய்தவரைக் கேட்கிறீர்கள், எங்கள் நேரத்தையும் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள்.

சரி. உங்களிடம் இப்போதே நூற்றுக்கணக்கில் மெயில் தேங்கியிருக்கும். அதையெல்லாம் ஷீட்டில் ஏற்றப் பார்க்காதீர்கள், இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள். ஒரு மாதத்துக்கு முந்தியதை எல்லாம் 'பழையது' என்று ஒரு லேபிள் போட்டு ஆர்க்கைவ் செய்யுங்கள், அழிக்க வேண்டாம். கடைசி முப்பது நாள் மெயில்களை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் படித்து எழுதுங்கள். முடித்ததும் ஒவ்வொரு கிளையன்டுக்கும், என் கணக்கில் உங்கள் வேலைகள் இவை, விட்டுப்போனது உண்டா என்று அனுப்புங்கள். நான் 2019-இல் அப்படி அனுப்பியபோது ஒன்பது பேரில் நாலு பேர், ஆமாம், இன்னொன்று இருக்கிறதே என்று பதில் போட்டார்கள்.