ஆஸ்பத்திரிக் கதவுகளும் லாச்சிக்குள் தூங்கும் பெர்மிட்டுகளும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி காட் (அட்டை) தட்டித் திறக்கிற மின்பூட்டுக் கதவைப் பற்றியவை, மீதி பெர்மிட்டைப் பற்றியவை, அதாவது வெல்டிங் மாதிரி ஆபத்தான வேலைக்கு முதல் பொறுப்பாளர் இடத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டிய அனுமதிப் படிவம். "எங்கட சிஸ்டம் வேலை செய்யுதில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒரேயொரு வரி எழுதிய இரண்டு பேரும் சாத்திரம் பார்ப்பவரிடம் போகலாம். எந்தக் கதவு, என்ன பூட்டு, எப்போதிருந்து என்று எழுதினால் நானும் ஏதாவது சொல்லலாம்.

கேள்வி: கரண்ட் போனதும் மருந்துக் களஞ்சியக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. பூட்டு பழுதா? (கோண்டாவில் வாசகர்)

பூட்டின் வகையை நீங்களும் எழுதவில்லை. காந்தப் பூட்டு என்றே வைத்துக்கொள்கிறேன், மலிவென்று எல்லா இடமும் அதைத்தான் பூட்டிவிட்டுப் போகிறார்கள். 280 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது கரண்ட் இருக்கும்வரைதான். கரண்ட் போனால் அது வெறும் இரும்புத் துண்டு. ஆகவே பூட்டு பழுதில்லை, தெரிவுதான் பிழை. மருந்து வைக்கிற அறைக்கு, கரண்ட் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே நிற்கிற ஸ்ட்ரைக் வகை மின்பூட்டைப் போடுங்கள், உள்ளே நிற்பவர் கைபிடியைத் திருப்பினால் மட்டும் திறக்கட்டும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், உள்ளேயிருந்து வெளியே வர ஒருவருக்கும் காட் தேவைப்படக் கூடாது.

அப்புறம் பற்றரி. ஒரு கதவுக்குப் பூட்டும், காட்டை வாசிக்கிற ரீடரும், பூட்டுக்குக் கட்டளை கொடுக்கிற கொன்ட்ரோலர் பலகையும் சேர்த்து ஒரு அம்பியர் அளவில் இழுக்கும். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி புதிதில் ஐந்தாறு மணித்தியாலம் தாங்கும், இரண்டு வருடத்தில் அது பாதியாகும். ஈய அமிலப் பற்றரிக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதி குறையும் என்பது பழைய கணக்கு, உங்கள் கொன்ட்ரோலர் பெட்டியோ நேரே தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. "எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறதே" என்பீர்கள். சரி, அந்தக் கதவின் மின்வழங்கி ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா, இல்லாவிட்டால் பக்கத்துச் சுவரில் தேத்தண்ணிக் கேத்தல் கொழுவுகிற பிளக்கில் இருக்கிறதா? போய்ப் பாருங்கள்.

கேள்வி: கதவு ரெக்கோட்டில் எல்லா நேரமும் 5 மணி 30 நிமிடம் பின்னுக்கு நிற்கிறது. பலகை மாற்ற வேண்டும் என்கிறார் கம்பனிக்காரர்.

மாற்ற வேண்டியது கம்பனிக்காரரைத்தான். கொன்ட்ரோலர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நேரவலயத்தைச் சரிசெய்தால் முடிந்தது.

கேள்வி: சத்திரசிகிச்சைத் தியேட்டர் வாசலில் விரல்ரேகை வாசிப்பான் தாதியரின் விரலை எடுப்பதே இல்லை. எந்த பிராண்ட் நல்லது?

பிராண்டில் பிரச்சினை இல்லை. ஒரு நாளில் ஐம்பது தடவை கை கழுவி, ஸ்பிரிட் பூசி, கையுறை போட்டுக் கழற்றுகிற விரலில் ரேகை எங்கே மிஞ்சும்? அங்கே காட் போடுங்கள், தொடாமல் திறக்கிற மாதிரி. இன்னொன்று, 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விரல்ரேகை மாதிரியான தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. வரவுப் பதிவுக்காக எடுத்த ரேகையை ஒருவரையும் கேட்காமல் கதவுக்கும் ஏற்றிவிடுவதற்கு முதல் யோசியுங்கள்.

கேள்வி: கடைத்தெருவில் 300 ரூபாய்க்கு எங்கள் காட்டைக் கொப்பி அடித்துத் தருகிறார்களாம், உண்மையா?

125 கிலோஹேட்ஸில் வேலை செய்கிற பழைய வகைக் காட் என்றால் உண்மை, திறப்பு வெட்டுவதைவிடச் சுகம். மைஃபெயார் கிளாசிக் என்கிற காட்டின் இரகசியக் குறியீட்டுப் பூட்டும் 2008இலேயே உடைபட்டுவிட்டது. புதிதாக வாங்கினால் டெஸ்ஃபயர் வகைக் காட் வாங்குங்கள், அதிலும் காட்டின் தொடரிலக்கத்தை மட்டும் வாசிக்கிற மலிவு ரீடரைப் பூட்டிவிட்டால் கொடுத்த காசு வீண்.

கேள்வி: பெர்மிட்டை போனிலேயே அங்கீகரிக்கும் அப் ஒன்று எடுத்திருக்கிறோம். பேப்பர் வேலை ஒழிந்தது. இதைக் கதவுக் காட்டோடு இணைப்பது நல்லதா? (பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் வாசகர், கொக்குவில்)

தம்பி, இணைப்பு நல்லதுதான். பெர்மிட் காலை 9 முதல் 12 வரை என்றால் ஒப்பந்தக்காரரின் காட்டும் அந்த மூன்று மணித்தியாலம் அந்த ஒரு கதவுக்கு மட்டும் உயிரோடிருக்கட்டும், பெர்மிட்டை மூடினதும் சாகட்டும். 12.01க்கு ஆள் உள்ளே நின்றாலும் கைபிடியைத் திருப்பி வெளியே வர முடியவேண்டும், அது வேறு கதை, மேலே சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் வருவது "பேப்பர் வேலை ஒழிந்தது" என்கிற இடத்தில். ஒழிந்தது பேப்பரா, நடையா?

பேப்பர் காலத்திலேயே இந்த வியாதி இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பொறுப்பாளர் பத்துப் படிவத்தில் கையெழுத்து வைத்து லாச்சிக்குள் போட்டுவிட்டு ஊருக்குப் போவார், சனி ஞாயிறு யார் வந்தாலும் ஒன்றை இழுத்து நிரப்புவார்கள். அப் வந்தபிறகு லாச்சி தேவையில்லை, அவ்வளவுதான். எங்கே என்று சொல்லமாட்டேன், ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி நடைவழியில் குளிரூட்டிக் குழாய்க்குத் தாங்கி வெல்டிங் பண்ண பெர்மிட் கேட்டிருக்கிறார்கள். "இடம்: 2ஆம் மாடி." அவ்வளவுதான் எழுதியிருந்தது, அது என்ன சின்ன மாடியா? பொறுப்பாளர் கலியாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபடி போனில் பச்சையை அமத்திவிட்டார். வெல்டிங் நடந்த இடத்திலிருந்து ஒரு கை நீளத்தில் நோயாளர் விடுதிக்குப் போகிற ஒட்சிசன் வால்வுப் பெட்டி. போய்ப் பார்த்திருந்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை, கடவுள் காப்பாற்றினார் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்று கிழமை கழித்து நான் அந்த நடைவழியால் போகும்போது நிமிர்ந்து பார்த்தேன். புகை உணரியில் ஒரு கையுறையை மாட்டி ரப்பர் பாண்ட் போட்டிருந்தது. புகைக்கு அலாரம் அடிக்கக் கூடாதென்று வெல்டிங்காரர் போட்டது, ஐந்து விரலும் பசுவின் மடிபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்பில் அந்தப் பெர்மிட் "நிறைவு" என்று பச்சையாக நின்றது. நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்கிற வசதியாம். மூன்று கிழமை அந்த நடைவழிக்குப் புகை உணரியே இல்லை என்பது அப்புக்குத் தெரியாது, அதற்குக் கண் இல்லை.

வெல்டிங் முடிந்தபிறகும் ஒருவர் நின்று காவல் பார்க்கவேண்டும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 51பி என்கிற வெல்டிங் விதியில் அது அரை மணித்தியாலமாக இருந்தது, 2019 பதிப்பில் ஒரு மணித்தியாலமாக்கினார்கள். பொறி உடனே எரியாது, தூசியிலும் பஞ்சிலும் படுத்துக் கிடந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனபிறகுதான் எழும்பும். தானாக மூடுகிற பெர்மிட்டில் அந்த ஒரு மணித்தியாலம் யார் கணக்கு?

சிலர் வேலை நடக்கும் இடத்தில் கியூஆர் ஒட்டி, அதை ஸ்கேன் பண்ணினால்தான் அங்கீகரிக்கலாம் என்று வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் எல்லா கியூஆரின் படமும் வட்ஸ்அப் குழுவில் சுற்றியது, எங்கட ஆட்களின் மூளைக்குக் குறைவில்லை. நான் சொல்லுகிற வழி இதுதான்: அங்கீகரிப்பவரின் சொந்தக் காட் கடந்த அரை மணித்தியாலத்துக்குள் அந்தப் பகுதிக் கதவில் பட்டிருந்தால் மட்டும் பச்சை பட்டன் வரட்டும், மூடும்போதும் அதே. கதவுக்கும் பெர்மிட்டுக்கும் உண்மையான இணைப்பு என்றால் அதுதான். ஆளின் நடைக்கு ஒரு சாட்சி. காட்டைச் சிற்றூழியரிடம் கொடுத்துத் தட்டிவிட்டு வரச் சொல்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: ஒப்பந்தக்காரர் ஆறு பேரோடு வருகிறார், ஆறு காட் கொடுக்கச் செலவு. ஒரு காட் போதாதா?

ஒரு காட்டின் விலை ஒரு சாப்பாட்டுப் பார்சலின் விலைதான். தீ பிடித்தால் உள்ளே எத்தனை பேர் என்று ரெக்கோட்டைப் பார்த்து "ஒருவர்" என்று சொல்லப்போகிறீர்களா? தலைக்கு ஒரு காட், போகும்போது வாங்கி வையுங்கள், தேசிய அடையாள அட்டையைப் பிணை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒட்சிசன் லைனில் சின்ன வேலை, பத்து நிமிடம் வால்வு மூடவேண்டும். பொறியியல் பிரிவின் கையெழுத்து போதுமா?

போதாது. பத்து நிமிடம் உங்களுக்குச் சின்னது, வென்டிலேற்றரில் இருப்பவருக்கு அது முழு ஆயுள். 2021 ஏப்ரலில் இந்தியாவின் நாசிக்கில் தாங்கியில் கசிவு வந்து ஒட்சிசன் அமுக்கம் விழுந்ததில் 20க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். பிரித்தானியாவின் மருத்துவ வாயுக் குழாய் வழிகாட்டியான எச்டிஎம் 02-01 முறையில் அந்த வேலைக்கான பெர்மிட்டில் விடுதிப் பக்கத்துப் பொறுப்பான தாதியோ வைத்தியரோ கையெழுத்து வைக்காமல் வால்வில் கை வைக்க முடியாது. அந்தக் கையெழுத்தின் பொருள் "என்னிடம் இத்தனை பேர் ஒட்சிசனில் இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் சிலிண்டர் கட்டிலடியில் வந்துவிட்டது" என்பதுதான். குழாயை வெட்டி ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்கும்போது எந்த வாயு வருகிறது என்று ஒவ்வொரு முனையிலும் அளந்து பார்க்கவேண்டும். பைப்பின் நிறத்தை நம்பாதீர்கள், போய் அளவுங்கள்.

கேள்வி: பொய்க்கூரைப் பலகை இரண்டைக் கழற்றி வயர் இழுப்பதற்கும் பெர்மிட்டா?

அலுவலகத்தில் வேண்டாம். புற்றுநோய் விடுதியில் கட்டாயம் வேண்டும். கூரைக்கு மேல் பத்து வருடத் தூசி, அதில் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை, கீழே எதிர்ப்புச் சக்தி இல்லாத நோயாளி. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியும் வந்து பார்க்கட்டும்.

கேள்வி: தீ அலாரம் அடித்தால் கதவுகளைத் திறக்க மென்பொருளிலேயே ஒரு விதி எழுதிவிட்டோம். போதும்தானே?

சேர்வர் அறையே எரிந்தால் அந்த விதியை யார் வாசிப்பார்? அலாரப் பலகையின் ரிலே சுவிட்ச் காந்தப் பூட்டின் கரண்டை நேரே வெட்டவேண்டும், நடுவில் கொம்பியூட்டர் நிற்கக் கூடாது. ஒருநாள் உண்மையில் அலாரத்தை அடித்து ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளிப் பாருங்கள்.

கேள்வி: பருத்தித்துறைக் கடற்காற்றில் வெளியேறும் பட்டன் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது.

தொடாமல் கையசைத்தால் வேலை செய்கிற சீல் பண்ணிய வகை வாங்குங்கள், பின்பக்க வயர் மூட்டுக்கு கிறீஸ் பூசுங்கள். அதோடு அவசரத்தில் கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறக்கிற பச்சைப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டன் துருப்பிடித்த இடத்தில் அந்தப் பெட்டியின் தொடுமுனையும் பச்சைபிடித்திருக்கும்.