48 மணி நேரப் பலகையும் 14 நாள் சட்டமும்: லண்டன் கால்வாயில் படகை எத்தனை நாள் கட்டலாம்?

கேள்வி: ஹாரோவில் வசிக்கிறோம். 57 அடி நாரோபோட் (கால்வாய்க்கான ஒடுக்கமான நீளப் படகு) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். ஹோம் மூரிங், அதாவது படகை நிரந்தரமாகக் கட்டிவைக்க என்று ஓர் இடம், கிடையாது. வார இறுதியில் பிள்ளைகளோடு லிட்டில் வெனிஸ், பாடிங்டன் பக்கம் போவோம். அங்கே இடம் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தால் விட்டு வர மனம் வருவதில்லை. போன மாதம் எஞ்சின் மக்கர் செய்து, 48 மணி நேர மூரிங்கில் நான்கு நாள் கூடுதலாக நிற்க வேண்டியதாயிற்று. நோட்டீஸ் வந்துவிட்டது. நாளுக்கு 25 பவுண்டு கட்டிவிட்டால் தொடர்ந்து நிற்கலாம்தானே? படகைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் நாள் கணக்கு புதிதாகத் தொடங்குமா?

பதில்: இரண்டுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். உங்கள் படகுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் கணக்கு கரையில் நட்டிருக்கும் பலகை. விசிட்டர் மூரிங்கில், அதாவது வந்துபோகும் படகுகள் தற்காலிகமாக நிற்கும் இடத்தில், 24 மணி, 48 மணி, 7 நாள், 14 நாள் என்று இடத்துக்கு இடம் மாறும். சில பலகைகளில் ஒரு மாதத்துக்குள் இத்தனை நாள்தான், இத்தனை நாளுக்குள் திரும்பி வரக் கூடாது என்ற வரியும் சின்ன எழுத்தில் இருக்கும். கட்டியதும் கீழே இறங்கிப் பலகையை முழுசாகப் படியுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். பாடிங்டன், லிட்டில் வெனிஸ், கிங்ஸ் கிராஸ், இஸ்லிங்டன் பகுதிகளில் சில இடங்கள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். வெறுமையாகக் கிடக்கிறதே என்று கட்டிவிட்டால், பதிவு செய்தவர் சாயங்காலம் வந்து நிற்பார். கிளம்பும் முன், இந்தக் கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கணக்கு உங்கள் லைசென்ஸ். 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, படகுக்கு ஹோம் மூரிங் இருக்க வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் காலம் முழுக்க அது உண்மையிலேயே பயணத்தில் இருக்க வேண்டும், ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. சூழ்நிலையைப் பொறுத்து நியாயமான கூடுதல் காலம் உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. பலகை இல்லாத கரைப்பாதையில் கட்டினால் இந்த 14 நாள் பொருந்தும். பலகை இருந்தால் பலகைதான் சட்டம். '14 நாள் இருக்கலாமே' என்று 48 மணி நேரப் பலகைக்கு அடியில் நின்று வாதாட முடியாது.

இப்போது அந்த 25 பவுண்டு. அது வாடகை இல்லை. காலம் கடந்து நிற்பவரை நகர்த்துவதற்காக வைத்த கட்டணம் அது. ஒவ்வொரு நாளும் பணம் கட்டிக்கொண்டே இருந்தாலும் மீறல் மீறல்தான், உங்கள் பதிவு எண்ணோடு அது எழுதப்பட்டுவிடும். கால்வாய் ஓரம் நடந்தோ சைக்கிளிலோ வரும் டிரஸ்டின் ஊழியர்கள் படகின் எண், இடம், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் இருப்பது அந்தக் குறிப்புகள்தான். நடுவில் எங்கே போய் வந்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஹோம் மூரிங் இல்லாதவர்கள் ஒரு சிறு நோட்டில் தேதியும் பால எண்ணும் எழுதி வைப்பது வீண் வேலை அல்ல. என்றைக்காவது கேள்வி வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

'கொஞ்சம் தள்ளி' என்பதும் செல்லாது. சட்டம் சொல்லும் 'இடம்' என்பது கயிறு கட்டும் ஒரு வளையமோ நூறு மீட்டர் கரையோ அல்ல, ஒரு ஊர் அல்லது ஒரு பேட்டை என்ற அளவில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. லிட்டில் வெனிஸிலிருந்து பாடிங்டன் பேசினுக்கு மாறுவது நகர்வே இல்லை. அடுத்த பேட்டைக்குப் போக வேண்டும். அங்கும் இங்குமாக இரண்டு இடத்துக்கு இடையே ஆடிக்கொண்டிருப்பதும் போதாது. ஓர் ஆண்டு முழுக்க 15 முதல் 20 மைலுக்குள்ளேயே சுற்றினால் 'உண்மையான பயணம்' என்று ஏற்பது கடினம் என டிரஸ்ட் சொல்லிவருகிறது. அலுவலகத்துக்குப் பக்கம், பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கம் என்பதெல்லாம் கூடுதல் நாளுக்குக் காரணமாக ஏற்கப்படுவதில்லை. தொடர்ந்து மீறினால் 12 மாத லைசென்ஸுக்குப் பதில் 6 மாத லைசென்ஸ் கொடுத்துக் கண்காணிப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் 1983-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி படகையே கால்வாயிலிருந்து எடுத்துவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

எஞ்சின் பழுது விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டதால் அது வெறும் மீறலாகப் பதிவாகிவிட்டது. பழுது, நோய், பிரசவம், குடும்பத்தில் சாவு, பனிக்கட்டி, வெள்ளம், முன்னால் லாக் (படகை ஏற்றி இறக்கும் நீர்மதகு) மூடிக்கிடப்பது ஆகியவற்றுக்குக் கூடுதல் நாள் கேட்கலாம். கேட்க வேண்டியது காலம் முடிவதற்கு முன்னால். மின்னஞ்சலில் ஐந்து விவரம் போதும்: படகின் பெயரும் பதிவு எண்ணும், எந்தக் கால்வாயில் எந்தப் பாலத்துக்கும் எந்தப் பாலத்துக்கும் நடுவில் நிற்கிறீர்கள், என்ன பழுது, மெக்கானிக் எப்போது வருகிறார், எந்தத் தேதிக்குள் கிளம்புவீர்கள். மெக்கானிக்கின் ரசீதையோ ரிவர் கனால் ரெஸ்க்யூ போன்ற மீட்பு நிறுவனத்தின் பதிவையோ இணையுங்கள். சொன்ன தேதி தள்ளிப்போனால் மறுபடி எழுதுங்கள். 'சீக்கிரம் சரியாகிவிடும்' என்று மொட்டையாக எழுதினால் யாராலும் அனுமதி தர முடியாது. இப்போது வந்திருக்கும் நோட்டீஸுக்கும் ரசீதை வைத்துப் பதில் எழுதுங்கள், தாமதிக்க வேண்டாம். உடல் குறைபாடோ நீண்டகால நோயோ இருந்தால் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி தனி ஏற்பாடு கேட்கும் உரிமையும் உண்டு.

பழுதான படகை 48 மணி நேர இடத்திலிருந்து 14 நாள் கரைக்குக் கையாலேயே இழுத்துக்கொண்டு போகலாம். 57 அடி இரும்புப் படகு 15 டன்னுக்குக் குறையாது, ஆனாலும் தண்ணீரில் ஒரே ஆள் இழுத்தால் வரும். முகப்பில் 20 மீட்டர் கயிறு கட்டுங்கள், பின்னால் ஒருவர் நீளக் கழியோடு நிற்கட்டும். வெடுக்கென்று இழுக்காதீர்கள். உடம்பைச் சாய்த்துப் பத்து இருபது விநாடி அப்படியே பிடித்திருந்தால் மெல்ல அசையும். நிறுத்துவதுதான் கஷ்டம். நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு படகு நீளம் முன்னாலேயே இழுப்பதை விட்டுவிட்டு, கயிற்றை வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மெதுவாக நழுவ விடுங்கள். படகுக்கும் கல்கரைக்கும் நடுவில் கையோ காலோ போகவே கூடாது.

இனி நெரிசல். டிரஸ்டின் கால்வாய்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 2,000 மைல் ஓடுகின்றன. படகுகள் வந்து குவிவது மத்திய லண்டன், பாத் முதல் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் வரை, கோடையில் லாங்காலன் என்று சில இடங்களில்தான். அங்கே ஒருவர் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நாளும், ஐந்து மணி நேரம் ஓட்டி வந்தவர் ஒருவர் இருட்டில் இடம் தேடி அலையும் நாள். அப்படி அலைகிறவர்தான் கடைசியில் லாக் வாசலிலோ தண்ணீர்க் குழாய் முன்னாலோ படகு திருப்புவதற்கான அகலமான இடத்திலோ கட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்க வருபவருக்கு வழியில்லை.

இடம் போதாமைக்கு இன்னொரு காரணம் இடைவெளி. 200 அடிக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 57 அடிப் படகு மூன்றுக்கு 171 அடி போதும், நடுவில் ஐந்தைந்து அடி விட்டாலும் 181. ஆனால் ஆளுக்கு ஆள் பதினைந்து அடி விட்டு வசதியாகக் கட்டினால் இரண்டு படகுதான் நிற்கும். மிச்சத்தில் அதே இடைவெளி விட்டு இன்னொரு 57 அடிப் படகு நுழையாது. ஆகவே எப்போதும் ஒரு ஓரத்திலிருந்து கட்டுங்கள், வளையத்தைப் பக்கத்துப் படகோடு பகிர்ந்துகொள்ளுங்கள். நடுவில் இருந்தவர் போய்விட்டால் நீங்களே கயிற்றை அவிழ்த்து முன்னால் நகருங்கள்.

லண்டனில் பல இடங்களில் இரட்டையாகக் கட்டலாம், பலகை தடுக்காமல் இருந்து, அகலமான படகு கடந்து போக வழியும் இருந்தால். கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பெரிய படகு உள்ளே, சிறியது வெளியே. வெளிப்படகின் கயிறுகள் உள்படகில் மட்டும் கட்டப்பட்டால் மொத்தச் சுமையும் உள்படகுக்காகக் கரையில் அடித்த இரண்டு முளையில் ஏறி, ராத்திரியில் முளை பிடுங்கிக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு கரைக்கு நேராகப் போக வேண்டும். உள்படகுக்காரர் எப்போது கிளம்புகிறார் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். நடக்கும்போது அவருடைய முகப்பு வழியாக நடங்கள், பின்பக்க வாசல் வழியாக அல்ல.

முளை பிடுங்கிக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. நெரிசலான கால்வாயில் ஒரு நாளைக்குப் பல படகுகள் கடந்து போகும், ஒவ்வொன்றும் உங்கள் படகை முன்னும் பின்னும் இழுத்துவிட்டுப் போகும். முளையைக் கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து, முக்கால் பங்குக்கு மேல் மண்ணில் இறங்கும் வரை அடியுங்கள். முன் கயிறு முன்னோக்கியும் பின் கயிறு பின்னோக்கியும் சுமார் 45 டிகிரியில் போகட்டும். கரையில் இரும்புத் தகடு இருந்தால் முளை வேண்டாம், தகட்டில் மாட்டும் கொக்கியே உறுதி. நடுக்கயிற்றைக் கட்டிவிட்டுப் போகாதீர்கள், அது படகைச் சாய்க்கும். கட்டிய படகுகளைக் கடக்கும்போது நீங்களும் எஞ்சினை ஐட்லிங்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரவு 8 முதல் காலை 8 வரை நின்ற இடத்தில் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட்டக் கூடாது.

உங்களைப் போல் வார இறுதியில் வருபவர்களுக்கு இடம் கிடைக்காததற்கு முக்கியக் காரணம் நேரம். வெள்ளி மாலை ஏழு மணிக்கு லிட்டில் வெனிஸில் இடம் தேடாதீர்கள். காலையில் கிளம்புகிறவர்கள் போய்விட்டு மாலையில் வருகிறவர்கள் வருவதற்கு முன், 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் போய்ச் சேருங்கள். முன்கூட்டியே இரண்டாவது இடம் ஒன்றையும் முடிவு செய்து வையுங்கள். 1801-இல் திறந்த பாடிங்டன் ஆர்ம் என்ற கிளைக் கால்வாய் புல்ஸ் பிரிட்ஜிலிருந்து லிட்டில் வெனிஸ் வரை 13½ மைல், ஒரு லாக் கூட இல்லை. மணிக்கு மூன்று மைல் என்றால் சுமார் நாலரை மணி நேரம். நடுவில் அல்பர்டன், கிரீன்ஃபோர்டு, சவுத்ஹால் என்று நம்மவர்கள் நன்கறிந்த ஊர்கள். அல்பர்டனில் கட்டிவிட்டு ஈலிங் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் லிட்டில் வெனிஸுக்குப் போய்விடலாம். ஆண்டுத் திட்டத்துக்கு அதோடு நிறுத்தாமல் புல்ஸ் பிரிட்ஜைத் தாண்டி கௌலி, அக்ஸ்பிரிட்ஜ், ரிக்மன்ஸ்வர்த் வரை போங்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, வாரம் முழுக்க வேலை என்று ஹாரோவைச் சுற்றியே உங்கள் வாழ்க்கை இருந்தால், ஹோம் மூரிங் இல்லாத லைசென்ஸ் உங்களுக்கு ஏற்றதல்ல. ஜனவரி மழையிலும் 14 நாளுக்கு ஒருமுறை வந்து நகர்த்தியாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த லைசென்ஸுக்குக் கூடுதல் கட்டணமும் வந்துவிட்டது. 5 சதவீதத்தில் தொடங்கி 2028-இல் 25 சதவீதத்தைத் தொடும். குளிர்காலத்துக்கு மட்டும் என்றால் டிரஸ்ட் நவம்பரில் தொடங்கும் வின்டர் மூரிங் அனுமதிகளை விற்கிறது. இலையுதிர் காலத்திலேயே வாங்கிவிட வேண்டும். ஆண்டு முழுக்க என்றால் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் மரினாக்களில் (தனிப் படகுத்துறைகளில்) இடத்துக்குப் பெயர் கொடுங்கள். ஹோம் மூரிங் வந்த பிறகும் விசிட்டர் மூரிங் பலகை உங்களுக்கும் அதேதான், ஆனால் எவ்வளவு தூரம் போனீர்கள் என்ற கேள்வி இருக்காது.