கேன்வாஸ் கோணிப்போனால் பிரிக்க வேண்டாம்

வணக்கம். கம்பளி நூலால் தைக்கும் பூவேலையில், அங்குலத்துக்கு 13 துளை உள்ள கேன்வாஸ் துணியில் பாதிப் பூ முடிந்ததும் சதுரம் சாய்சதுரமாகிவிட்டது, கம்பளி நூலும் பிசிறடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து எதையும் பிரிக்காதீர்கள். குறை உங்கள் கையில் இல்லை. ஒவ்வொரு தையலும் ஒரே பக்கம் சாய்ந்து துணியை இழுக்கிறது. அரைக் குறுக்குத் தையலில் (× குறியில் ஒரு சாய்கோட்டை மட்டும் போடும் தையல்), அதுவும் சட்டமில்லாமல் கையில் பிடித்துத் தைத்தால், இப்படித்தான் ஆகும்.

இனி பின்னணியை மூலைவாட்டு வரிசைகளில் தையுங்கள். பின்புறம் கூடை முடைந்ததுபோல் தெரியும் தையல் அது. நூல் கூடுதலாகச் செலவாகும்; ஆனால் கோணல் வெகுவாகக் குறையும். கேன்வாஸ் இழைகள் குறுக்கிடும் இடத்தைப் பாருங்கள்: நெடுக்கு இழை மேலே இருந்தால் வரிசையில் கீழ்நோக்கி இறங்குங்கள், கிடை இழை மேலே இருந்தால் மேல்நோக்கி ஏறுங்கள். இது பழகிவிட்டால் தையல் எவ்வளவு சீராக விழுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

மரச் சட்டத்தில் கேன்வாஸை விறைப்பாகப் பொருத்துங்கள். ஊசியை மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை எனத் தனித்தனியாக இழுக்க வேண்டும். நூலை 45 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். ஒவ்வொரு துளையும் கம்பளியை உரசித் தேய்க்கிறது. 20ஆம் எண் மொட்டை ஊசி போதும். முடிச்சு வேண்டாம், நுனியைப் பின்புறத் தையல்களுக்கு அடியில் செருகிவிடுங்கள்.

முடித்தபின் சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத்துணியால் ஒற்றிப் பாருங்கள். போகாவிட்டால் லேசாக நனைத்து, பலகையில் வரைந்த சதுரத்துக்கு இழுத்து, துருப்பிடிக்காத ஊசிகளால் குத்தி, நன்றாகக் காயும்வரை விடுங்கள். பிடிவாதமான கோணலுக்கு இரண்டாம் முறையும் தேவைப்படலாம்.