ராணி வந்தார், குதிரை வரவில்லை

வணக்கம் அக்கா,

நாங்கள் கனடாவின் கால்கரியில் ஆறு வருடமாக இருக்கிறோம். முரட்டுக் குதிரையும் காளையும் ஏறும் ரோடியோ போட்டிகள் நடக்கும் ஸ்டாம்பீட் திருவிழாவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பந்தயங்கள், பூர்வகுடிகளின் கூடாரங்கள், வண்டிக்குதிரைகள் எல்லாம் விரிவாக இருந்தன. ஆண்டுதோறும் திருவிழாவின் முகமாகத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாம்பீட் ராணியைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: மகுடம் வைத்த தொப்பியோடு மூன்று பெண்கள் குதிரையில் போனார்கள் என்று. அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கு ராணியும் இரண்டு இளவரசிகளும் வந்திருக்கிறார்கள். மகளுக்கு எட்டு வயது. "உங்கள் குதிரை எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். ராணி தரையில் உட்கார்ந்து, தன் குதிரை எதைக் கண்டு மிரளும், எதைக் கொடுத்தால் பின்னாலேயே வரும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டுத் தந்த படம் இப்போது கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறது. பெரியவளானதும் தானும் ரோடியோ ராணி ஆவேன் என்கிறாள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. அழகிப் போட்டிக்கு கவ்பாய் பூட்ஸ் மாட்டிவிட்டது போல இருக்கிறது. ஆண்கள் காளை மேலும் முரட்டுக் குதிரை மேலும் ஏறிப் பரிசு வாங்குவார்கள், பெண் கையசைத்துக்கொண்டு நிற்பாளா? போதாததற்கு, அங்கே விலங்குகளைப் படுத்தும் பாடு வேறு. மகளிடம் என்ன சொல்லட்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

கால்கரியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஒரு வரி போதாது என்பது உண்மை. அந்தப் பத்து நாளில் அந்தப் பெண்களை நான் மூன்று இடங்களில் பார்த்தேன். அணிவகுப்பில் பார்த்ததை மட்டும் எழுதினேன். எழுதியிருக்க வேண்டியது வேறொன்று.

நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவளாகம். அதன் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இலவச பான்கேக் விருந்து. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஸ்டாம்பீட் நாட்களில் ஊர் முழுக்க இது நடக்கும். 1923இல் ஜாக் மார்ட்டன் என்ற வண்டிப் பந்தயக்காரர் நகர மையத்தில் தன் சமையல் வண்டியை நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் பான்கேக் சுட்டுப் போட்டதிலிருந்து தொடர்கிற வழக்கம். வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அந்த மூவரும் வந்தார்கள். அதற்கு முன்பே வேறொரு விருந்துக்குப் போய்விட்டு வருகிறார்கள், இதை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

கூட்டத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் இருந்தார். கண் சரியாகத் தெரியாதவர் போலிருந்தது. ராணி அவரிடம் போனார். நின்றபடி குனிந்தால் தொப்பியின் அகன்ற விளிம்பு முகத்தை மறைத்துவிடும், அவர் நெற்றியிலும் இடிக்கும். அதனால் அந்தப் பெண் தார்த்தரையில் முழங்கால் போட்டு, முகத்தைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு பேசினார். முதியவர், தான் சிறுவயதில் எந்தப் பண்ணையில் வேலை பார்த்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். அது நீண்ட கதை. உடன் வந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராணி எழுந்திருக்கவில்லை. கதை முடிந்த பிறகுதான் எழுந்தார்.

உங்கள் மகளுக்காகத் தரையில் உட்கார்ந்ததும் இதே பழக்கத்தால்தான் இருக்கும். தொப்பி விளிம்புக்குக் கீழே யார் முகம் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்ட பெண் அவர்.

ஒரு ராணியின் ஓராண்டுக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கால்கரியில் ராணிக்கு மகுடம் சூட்டுவது இலையுதிர்காலத்தில். ஸ்டாம்பீட் வருவது அடுத்த ஜூலையில். அதாவது அவர் ஆட்சியின் பெரும்பகுதியில் ரோடியோவே கிடையாது. பனியும் குளிரும்தான். அந்த மாதங்களில் அவர்கள் பள்ளிகளுக்குப் போகிறார்கள், முதியோர் இல்லங்களுக்கு, மருத்துவமனைகளுக்கு, சங்கங்களின் மதிய உணவுக் கூட்டங்களுக்கு, வெளியூர் விருந்தினர்களை வரவேற்கும் நிகழ்ச்சிகளுக்கு. ஆண்டு முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில். நம் ஊர்த் திருவிழாவில் காப்பு கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பார்கள். இங்கே நேர்மாறு, மகுடம் சூடியவர் வீட்டில் தங்க முடியாது. அத்தனை பேரும் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள், பலருக்குப் படிப்போ வேலையோ கூடவே ஓடிக்கொண்டிருக்கும்.

அழகிப் போட்டி என்றீர்கள். தோற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. முடியைச் சுருட்டிவிடுவதற்கும் உடைக்கும் அவர்கள் செலவிடும் நேரமும் பணமும் எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் அதோடு முடிவதில்லை. குதிரையேற்றத்தில் தேற வேண்டும், மேடையில் பேச வேண்டும், ரோடியோ விதிகளிலிருந்து குதிரை வைத்தியம் வரை திடீரென்று கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லாஸ் வேகஸில் நடக்கும் மிஸ் ரோடியோ அமெரிக்கா போட்டியில் சொந்தக் குதிரையில் ஏற முடியாது. சீட்டில் விழும் குதிரை, அதுவரை தொட்டே பார்த்திராத குதிரை. அதன் குணத்தைச் சில நிமிடங்களில் புரிந்துகொண்டு, நடுவர்கள் சொல்லும் வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓரிகான் மாநிலத்துப் பெண்டில்டன் ரோடியோவில் ராணியும் இளவரசிகளும் முழுப் பாய்ச்சலில் வந்து வேலியைத் தாண்டித்தான் புல்வெளிக்குள் இறங்குவார்கள். வயோமிங்கின் ஷயானில் ஒரு பெண் ஓராண்டு தோழியாக இருந்து வேலையைப் பழகிய பிறகே அடுத்த ஆண்டு மிஸ் ஃப்ரான்டியர், அதாவது அந்த ரோடியோவின் ராணி, ஆகிறார். எந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அழும் குழந்தையை என்ன செய்வது என்பதையெல்லாம் ஒரு வருடம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

1912இல் நடந்த முதல் ஸ்டாம்பீட்டில் பெண்கள் கையசைக்க வரவில்லை. போட்டியிட வந்தார்கள். முரட்டுக் குதிரை ஏறினார்கள், ஓடும் குதிரை மேல் வித்தை காட்டினார்கள். கயிறு வீச்சில் ஃப்ளாரன்ஸ் லடூ வென்றார். அவர் ஸ்டாம்பீட்டைத் தொடங்கிய கை வீடிக்கின் மனைவிதான், ஆனால் அந்தப் பட்டம் கணவர் தயவில் வந்ததில்லை. கயிற்றில் அந்தக் காலத்தில் பேர்போன லூசில் மல்ஹாலைத் தோற்கடித்து வாங்கியது.

அப்புறம் 1929. பெண்டில்டனில் பானி மக்கேரல் என்ற வீராங்கனை முரட்டுக் குதிரையிலிருந்து விழுந்தார். கால், சேணத்திலிருந்து தொங்கும் மிதியான அங்கவடியில் சிக்கிக்கொண்டது, குதிரை இழுத்துக்கொண்டு ஓடியது. சில நாட்களில் இறந்துபோனார். பெண்கள் ஏறும்போது இரண்டு அங்கவடிகளையும் குதிரையின் வயிற்றுக்கடியில் சேர்த்துக் கட்டும் வழக்கம் அப்போது பல இடங்களில் இருந்தது. உட்கார வசதி என்பார்கள், ஆனால் விழும்போது காலை விடுவிப்பது கடினம். பெண்டில்டன் அந்த வழக்கத்தை ஆராய்ந்ததோடு நிற்கவில்லை, பெண்களின் முரட்டுக் குதிரைப் போட்டியையே எடுத்துவிட்டது. ஆண்களும் இதே களங்களில் செத்திருக்கிறார்கள். அவர்களுடைய போட்டியை யாரும் எடுக்கவில்லை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய ரோடியோக்களில் பெண்களுக்கான களம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

அதே காலத்தில்தான் டெக்சஸின் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு புது ஏற்பாடு வந்தது. 1931இல் சுற்றுவட்டார ஊர்களும் பண்ணைகளும் ஆளுக்கொரு பெண்ணைத் தங்கள் சார்பாக அனுப்பின. உடை, குதிரை, ஓட்டும் நயம் பார்த்துப் பரிசு. ஊரின் முகமாக ஒரு பெண் என்ற எண்ணம் இப்படி வேர்விட்டது. கால்கரியின் முதல் ராணி 1946இல். அவருக்குப் பின் வந்த ஆண்டுகளில் யார் அதிகம் சீட்டு விற்றுப் பணம் திரட்டுகிறாரோ அவரே ராணி. ஆக, களத்திலிருந்து பெண்களை இறக்கிவிட்டு மேடையில் ஏற்றினார்கள் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. 1948இல் டெக்சஸின் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு ரோடியோ சங்கம் தொடங்கினார்கள். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பேரல் ரேஸ் இன்று பெரிய பரிசுப்பணம் உள்ள போட்டியாக நிற்பதற்கு அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் காரணம். ஸ்டாம்ஃபோர்டில் உடையும் நயமும் பார்த்த அந்தப் போட்டியிலிருந்துதான் அதுவும் முளைத்தது.

மேடையில் நிற்பதும் லேசான காரியமல்ல. 1954இல் கால்கரி ராணியானவர் ஈவ்லின் ஈகிள் ஸ்பீக்கர், கைனாய் இனத்தைச் சேர்ந்தவர். பூர்வகுடிப் பெண் ஒருவர் அந்த மகுடத்தைச் சூடியது அதுவே முதல் முறை. உடனே அவர் எந்த உடையில் வர வேண்டும் என்பது பேச்சாயிற்று, ராணிக்குரிய கவ்பாய் உடையா, அவர் மக்களின் மான்தோல் உடையா என்று. மற்ற ராணிகளிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் போன ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இரண்டு பேராக நிற்க வேண்டியிருந்தது. பெண்டில்டனில் அதற்கும் 28 ஆண்டு முன்பே, 1926இல், எஸ்தர் மோட்டானிக் என்ற பூர்வகுடிப் பெண் ராணியாக இருந்திருக்கிறார். அந்தப் பெண்கள் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஒரு பூர்வகுடிச் சிறுமி என்ன நினைத்திருப்பாள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

விலங்குகள் பற்றி நீங்கள் கேட்டதைத் தள்ளிவிட முடியாது. ஸ்டாம்பீட்டின் வண்டிப் பந்தயங்களில் குதிரைகள் செத்திருக்கின்றன. வான்கூவருக்கு அருகிலுள்ள குளோவர்டேல் ரோடியோவில் 2007இல் கயிறு வீசிப் பிடிக்கும் போட்டியில் ஒரு கன்றுக்குட்டி செத்தது. அதன் பிறகு அங்கே அந்தப் போட்டி உட்பட நான்கு போட்டிகளை நிறுத்திவிட்டார்கள். கால்கரியிலும் கன்றைக் கயிறு வீசி வீழ்த்துவதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. முன்பும் எழுதியிருக்கிறேன், மாற்றிக்கொள்ளவில்லை. ரோடியோவின் தூதராகப் பள்ளிக்கு வரும் பெண்ணிடம் குழந்தைகள் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். "கன்றுக்கு வலிக்காதா?" என்று ஒரு குழந்தை கேட்டால் அவர் சிரித்து நழுவக் கூடாது. குதிரையோடு வளர்ந்தவர் அவர், குதிரைக்கு எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். நழுவினால் அந்த மகுடத்துக்கு அது அழகில்லை.

மகளிடம் என்ன சொல்வது என்றீர்கள். ஒன்றும் சொல்லாதீர்கள், கேளுங்கள். அவள் கேட்டது மகுடத்தைப் பற்றியோ முடியைப் பற்றியோ இல்லையே, குதிரை எங்கே என்றுதானே கேட்டாள். முடிந்தால் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்துவிடுங்கள். செலவுள்ள விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். குதிரை, சேணம், தீவனம், லாயம் என்று பல குடும்பங்களுக்கு எட்டாத தொகை ஆகிவிடும். இந்த ராணிகளில் பலர் பண்ணைக் குடும்பங்களிலிருந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வாடகைக் குதிரையில் பழகும் இடங்கள் உங்கள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. முதலில் லாயத்தில் சாணி அள்ளச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் அவள் போக வேண்டும் என்றால் போகட்டும். பேரல் ரேஸ் ஓட்டுகிறாளா, கால்நடை மருத்துவர் ஆகிறாளா, அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு முதியோர் இல்லத்தில் முழங்காலிட்டு உட்காருகிறாளா என்பதை அவள் பின்னால் பார்த்துக்கொள்வாள்.

ஜூலையில் அணிவகுப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே போனால்தான் சாலையோரத்தில் முன்வரிசை கிடைக்கும். தண்ணீரும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வராத அந்தக் குதிரையை அன்றைக்கு அவள் பார்த்துவிடலாம். அது எதற்கு மிரளும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் பக்கத்தில் இருப்பவர்களையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வாள் என்று நினைக்கிறேன். குதிரை என்ன நிறம் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா