திருகோணமலையில் பருவத்துக்கு ஏற்ற மாதிரி, சூழலைக் கெடுக்காமல் வாழ அன்றாடம் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு வந்த மற்றப் பதில்களில் பாதி "குளிர்காலத்தில் ஹீற்றரைக் குறையுங்கள், இலையுதிர்காலத்தில் சருகைச் சேருங்கள்" என்ற வகை. உப்புவெளியில் யார் வீட்டில் ஹீற்றர் இருக்கிறது? நமக்கு இருப்பது இரண்டு காலம். ஐப்பசியில் தொடங்கித் தை வரை மாரி. வைகாசி கடந்து புரட்டாதி வரை, தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் கோடை. நடுவில் வரும் மாதங்கள் அடுத்த காலத்துக்கு ஆயத்தம் செய்ய. மாரியில் நல்ல பழக்கமாக இருப்பது கச்சானில் வீண்வேலை, கச்சானில் உதவுவது மாரியில் நுளம்புப் பண்ணை. இதைப் பிரிக்காமல் "365 நாளும் செய்ய 50 குறிப்புகள்" என்று எழுதுவதால்தான் ஆட்கள் ஒரு மாதம் செய்துவிட்டுக் கைவிடுகிறார்கள்.

கேட்டவருக்குக் கரையோரப் பக்கம் 10, 15 பேர்ச் வளவு, மணல் நிலம், ஒரு கிணறு, ஓட்டுக்கூரை இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். தம்பலகாமத்தில் வயல்கரையில் இருப்பவருக்கும், நகரத்துக்குள் கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீரை நம்பி இருப்பவருக்கும் அளவுகள் மாறும். அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் தண்ணீர். 1 சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லீற்றர். 600 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 56 சதுர மீற்றர். 10 மி.மீ. மழைக்கு 560 லீற்றர் விழும். ஓடு உறிஞ்சியது, பீலிக்கு வெளியே சிதறியது போக 450 லீற்றர் கைக்கு வரும். கார்த்திகையும் மார்கழியும் சேர்ந்து இங்கே சராசரியாக 600 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. ஆகவே 1000 லீற்றர் தாங்கி ஓர் இரவு மழையில் நிரம்பிவிடும். தாங்கி வாங்க எல்லாரும் யோசிக்கிறார்கள், வழிந்து போவதை எங்கே விடுவது என்று யாரும் யோசிப்பதில்லை.

முதல் மழையைத் தாங்கிக்குள் விடக் கூடாது. நாலு மாதக் கச்சான் புழுதி, கடல் உப்பு, காக எச்சம் எல்லாம் ஓட்டில் படிந்திருக்கும். ஐப்பசியின் முதல் இரண்டு மழையை முழுதாக வெளியே விடுங்கள். பிறகு ஒவ்வொரு மழையிலும் முதல் அரை மி.மீ. தண்ணீர், அதாவது இந்தக் கூரைக்கு 28 லீற்றர், கழிய வேண்டும். பீலியிலிருந்து வரும் குழாயில் தாங்கிக்கு முன்னால் ஒரு 'டீ' (T வடிவ இணைப்பு) வைத்து, கீழ்நோக்கி 6 அங்குலக் குழாய் 5 அடிக்கு இறக்கினால் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்கும். 4 அங்குலக் குழாய் மீற்றருக்கு 8 லீற்றர்தான் கொள்ளும். அதில் செய்யப் போனால் சுவரின் உயரமே போதாது. அடியில் திருகு மூடி போட்டு, மூடியில் ஊசித் துளை ஒன்று விடுங்கள். மழை விட்டபின் அது தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். பிழைப்பதும் இந்த இடத்தில்தான்: வேப்பஞ்சருகு ஒன்று துளையை அடைத்தால் குழாய் வடியாது, அடுத்த மழையின் அழுக்கு நேரே தாங்கிக்குள் போகும். மாரியில் வாரம் ஒரு தரம் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் கூரையென்றால் அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கும் கழுவலுக்கும் மட்டும். ஓட்டுக்கூரைத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

வழிவதைக் கிணற்றுப் பக்கம் ஊறவிடலாம். அதற்கு ஒரு குழி: 3 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம். கீழே செங்கல் துண்டு, மேலே பருமணல். கிணற்றிலிருந்து 10, 15 அடி தள்ளி. மலசலகூடக் குழிக்கு 50 அடிக்குக் கிட்ட வேண்டாம். ஆனால் நிலாவெளிப் பக்கத்துத் தாழ்ந்த வளவுகளில் மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்து எட்டிப் பார்க்கும். அப்போது எந்தக் குழியும் குடிக்காது. அங்கே அது ஐப்பசி மழைக்கு மட்டும்தான் பயன்படும் என்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள்.

கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. ஆடி, ஆவணியில் ஒரு குதிரைவலு மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலம் இறைத்தால், மேல்படை தாழ்ந்து கீழிருக்கும் உப்பு கூம்பு மாதிரி மேலே எழும். ஏறிய உப்பு மோட்டரை நிறுத்தினாலும் உடனே இறங்காது. அரைக் குதிரைவலு மோட்டர், காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம், உறிஞ்சு குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. இது போதும். சவர்க்காரம் நுரைக்கவில்லை, பருப்பு வேக நேரம் எடுக்கிறது, நாக்கில் சவர் தட்டுகிறது என்றால் இறைப்பைப் பாதியாக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

குளித்த தண்ணீரை வாழைக்கு விடுவது கோடைக்கான பழக்கம். வாழையைச் சுற்றி ஓரடி ஆழப் பாத்தி கட்டி, சருகு நிரப்பி, அதற்குள் விடுங்கள். ஒரே பாத்திக்கு விடாமல் இரண்டுக்கு மாறி மாறி விட்டால் மணலில் வழவழப்புப் படியாது. உடுப்புத் தோய்த்த தண்ணீரில் சோடியம் அதிகம், கடைசி அலசல் தண்ணீர் மட்டும் போதும். மாரி வந்ததும் இதை நிறுத்திவிட வேண்டும். நனைந்த மண்ணில் அது தேங்கி நாறும், கிணற்றுக்கும் போகும்.

தேங்காய் உரிமட்டையிலும் காலம் பார்க்க வேண்டும். தென்னையிலிருந்து 5, 6 அடி தள்ளி அகழி வெட்டிப் புதைப்பதென்றால் குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். நிலத்தின் மேலே மூடாக்காகப் பரப்புவதென்றால் குழிந்த பக்கம் கீழே. மாற்றிப் பரப்பினால் ஒவ்வொரு மட்டையும் ஒரு நுளம்புத் தொட்டி. குரும்பை, சிரட்டை, பூச்சாடித் தட்டு எல்லாவற்றுக்கும் இதே கதை. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, தும்பால் சுவரைத் தேய்க்க வேண்டும், வாரம் ஒரு தரம்.

கூட்டெருவுக்குக் குசினிக் கழிவு ஒரு வாளி, காய்ந்த சருகு இரண்டு வாளி. கோடையில் ஒன்றரை அடிக் குழிக்குள் போட்டு ஈரச் சாக்கால் மூடுங்கள். மேலே குவித்தால் கச்சான் இரண்டு நாளில் உலர்த்திவிடும். உலர்ந்த குவியல் உக்காது, அப்படியே கிடக்கும். மாரியில் குழியை மறந்துவிட்டு, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி நிலத்துக்கு மேலே குவித்து, கிடுகால் கூரை போடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி வர வேண்டும். கூழ்முட்டை நாற்றம் என்றால் காற்றுப் போதாது, கிளறுங்கள். மூத்திர நெடி என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகு போடுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது. எருவை ஐப்பசியில் போட வேண்டாம். மணல் நிலத்தில் கார்த்திகை மழை அதன் சத்தையெல்லாம் கழுவிக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். பெருமழை ஓய்ந்து தை, மாசியில் போடுங்கள்.

மீன் கழிவைக் கூட்டெருவில் போட்டால் நாயும் காகமும் பங்குக்கு வரும். ஒன்றரை அடி தோண்டிப் புதைப்பது ஒரு வழி. இன்னொன்று, மூடியுள்ள வாளியில் குடலும் செதிலும் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, நிறைக்கு நிறை. மூடியை இறுக்க வேண்டாம், வாயு கட்டினால் வெடித்துத் தெறிக்கும். நாலு கிழமையில் வடித்து, 1 லீற்றர் தண்ணீருக்கு 10 மி.லீ. கலந்து வேரடியில் ஊற்றுங்கள். நாற்றமில்லை என்று எழுதுகிறவர்கள் செய்து பார்க்காதவர்கள். நாறும், ஆனால் வாளியைத் திறக்கும் நேரத்துக்கு மட்டும்.

பொலித்தீனைப் பற்றிச் சட்டம் குறைவில்லை. 2017இல் லஞ்ச் ஷீற்றும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும், 2021இல் சின்னச் சின்னச் சஷேக்கள், 2023இல் ஸ்ட்ரோவும் பிளாஸ்டிக் கரண்டியும் இடியப்பத் தட்டும் தடைக்கு வந்தன. சந்தையில் போய்ப் பார்த்தால் நிலைமை தெரியும். சட்டத்துக்குக் காத்திருக்காமல் மீனுக்கு ஓர் உமலும் (ஓலையில் பின்னிய பை) மூடியுள்ள டப்பாவும் கொண்டுபோங்கள். உமலை உடனே அலசி நிழலில் காயவிடுங்கள். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டால் அடுத்த வருடமும் வரும். சோறு கட்ட வாழையிலையென்றால் நடு நரம்பைச் சீவி, பின்பக்கத்தை நெருப்பில் வாட்டிக் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கையிலேயே கிழியும், பிறகு இலையைக் குற்றம் சொல்லிப் பொலித்தீனுக்குத் திரும்புவோம்.

விறகு எரிப்பவர்கள் புரட்டாதிக்குள் பாளை, மட்டை, சிரட்டையைக் கூரைக்குக் கீழே அடுக்கிவிட வேண்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் தண்ணீரை ஆவியாக்கவே போகும், புகையும் கூடும். மண்ணில் செய்த இரட்டை வாய் அனாகி அடுப்பு மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகில் சமைக்கும், பின்வாயில் சும்மா வரும் சூட்டில் ஒரு பானை தண்ணீரும் கொதிக்கும். ஆடி, ஆவணி வெயிலில் மிளகாய், கருவாடு காயவைத்து வையுங்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும்போது மீன் விலை ஏறும், பிறிஜ் நிறைய ஐஸ் மீன் வைக்கத் தேவையில்லை.

மின்சாரத்தில் ஒரு கணக்கு போதும். மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே விலைப்படி மாறுகிறது. 70 வாற் மின்விசிறி நாளுக்கு 10 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 21 யூனிற். குறைந்த மின்சாரத்தில் சுற்றும் 30 வாற் பீஎல்டிசி (BLDC) வகை விசிறி 9 யூனிற். கச்சான் நாட்களில் மேற்கு ஜன்னலைக் காலை 10 மணிக்கே சாத்தி, பின்னேரம் கடற்காற்று வந்ததும் கிழக்கைத் திறந்தால் விசிறியும் அவ்வளவு தேவைப்படாது.

குப்பை கொளுத்துவதைப் பற்றி: எந்தக் காலத்திலும் பிளாஸ்டிக்கைக் கொளுத்த வேண்டாம். கச்சானில் சருகையும் வேண்டாம், ஒரு பொறி போதும் கிடுகு வேலிக்கு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம். அன்று மரம் நடுகிறார்கள். கச்சான் அடிக்கிற மணலில்! நடுபவர்கள் பத்துப் பேர், படம் எடுப்பவர்கள் இருபது பேர், பின்னால் பிளெக்ஸ் பதாகை, மேசையில் பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். ஆவணியில் போய்ப் பார்த்தால் கன்றைச் சுற்றிய கம்பிக்கூடு மட்டும் நிற்கும். வேம்போ பூவரசோ ஐப்பசி முதல் மழையில் நட்டால் கச்சான் வருமுன் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போய்விடும். பிந்தி நட்டதென்றால் அடியில் துளையிட்ட மண்பானையைக் கன்றுக்கு ஓரடி தள்ளிப் புதைத்து, துளையில் திரி விட்டு, மூடி வைத்து, வாரம் இரு தரம் நிரப்ப வேண்டும். அதைச் செய்ய ஒருவரும் வருவதில்லை, அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை.

வாடகை வீடென்றால் குழியும் பாத்தியும் வெட்டுமுன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பீலியும் தாங்கியும் போகும்போது கழற்றிக் கொண்டுபோகலாம். பீலியைத் தாங்கும் கொளுக்கிகளைச் சுவரில் அறையாமல் கைமரத்தில் துருப்பிடிக்காத ஆணியால் பூட்டுங்கள், கடற்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.