யாருடைய வலது பக்கம்?

கேள்வி: நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. ஆன்டீரியர், போஸ்டீரியர், மீடியல், லேட்டரல் என்று வகுப்பில் சொன்னால் எது எந்தப் பக்கம் என்றே புரிவதில்லை. இங்கிலீஷ் மீடியம் தோழிகள் சிரிக்கிறார்கள். வார்டில், இடது இடுப்பில் ஆபரேஷன் ஆன ஒரு பாட்டியை ‘ரைட் லேட்டரல்’ படுக்க வைக்கச் சொன்னார்கள். எதிரே நின்றதால் பக்கத்தை மாற்றித் திருப்பிவிட்டேன். பாட்டி கத்தியதும் அவர் மகள் ஓடிவந்து சொன்னார், சரி செய்துவிட்டேன். நல்லவேளை, சிஸ்டர் பார்க்கவில்லை. அப்பா நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியிருக்கிறார். இதை விட்டுவிட்டு பி.ஏ. தமிழ் சேரட்டுமா?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தோழிகள் சிரித்ததைப் பற்றி உன் முழுக் கடிதத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. பாட்டி கத்தியது ஒரே வரி. அதோடு ஒட்டிக்கொண்டு ‘நல்லவேளை, சிஸ்டர் பார்க்கவில்லை’.

யாருக்கம்மா நல்லவேளை? ஆபரேஷன் ஆன இடுப்பின் மேல் அந்த வயதான உடம்பின் பாரம் மொத்தமும் விழுந்திருக்கிறது. உள்ளே ஏதாவது ஆகியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். பார்க்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நீ சொல்லவில்லை. இன்றைக்கே போய் வார்டு சிஸ்டரிடம் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். எழுதிக் கொடு என்றால் எழுதிக் கொடு. அந்த மகளிடமும் போய் மன்னிப்புக் கேள். பெற்ற தாயை நம்பி உங்கள் கையில் ஒப்படைத்திருக்கிறவர் அவர். அவர் ஓடி வராமல் இருந்திருந்தால் பாட்டி இன்னும் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்திருப்பார்?

அப்பா நகையை அடகு வைத்தது, நீ யாரிடமும் பேச்சு வாங்காமல் பட்டம் வாங்க வேண்டும் என்பதற்காகவா? நாளைக்கு உன் அப்பாவே அப்படி ஒரு கட்டிலில் படுத்திருந்தால், தப்பை மறைக்கிற நர்ஸிடம் அவரை விட்டுவிட்டு வருவாயா?

சரி, பாடத்துக்கு வருவோம். வார்டில் இடமும் வலமும் பேஷண்டுடையவை. நீ எந்தப் பக்கம் நின்றாலும் அது மாறாது. எக்ஸ்ரே படத்தையும் பேஷண்ட் உன்னைப் பார்த்து நிற்பதாக நினைத்துத்தான் பார்க்க வேண்டும். அவருடைய இடது உன் வலது கைப் பக்கம் இருக்கும். மற்ற பெயர்கள் எல்லாம் ஒரே நிலையை வைத்துச் சொல்லப்படுகின்றன: நேராக நின்று, முன்னால் பார்த்து, உள்ளங்கை இரண்டும் முன்பக்கம் தெரிய நிற்கும் ஆள். மார்புப் பக்கம் ஆன்டீரியர், முதுகுப் பக்கம் போஸ்டீரியர். அவரைக் குப்புறப் படுக்க வைத்தாலும் மார்பு ஆன்டீரியர்தான். படுத்திருந்தாலும் தலைப் பக்கம்தான் சுப்பீரியர், கூரைப் பக்கம் அல்ல. பலரும் குழம்புவது இங்கேதான். உடம்பின் நடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பது மீடியல், தள்ளி இருப்பது லேட்டரல். உள்ளங்கை முன்னால் தெரிய நின்று பார், கட்டைவிரல் வெளியே போய்விடும். அதனால் அது லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். கை கால்களில் உடம்போடு சேருகிற இடத்துக்குக் கிட்டே இருந்தால் பிராக்ஸிமல், தள்ளி இருந்தால் டிஸ்டல். மல்லாந்து படுத்தால் சுபைன், குப்புறப் படுத்தால் ப்ரோன். ஒருக்களித்துப் படுப்பதும் லேட்டரல்தான், ஆனால் அங்கே ரைட் என்றால் வலது பக்கம் கீழே மெத்தையில் படிய வேண்டும். அந்தப் பாட்டிக்கு நல்ல இடுப்பு கீழே, கால்களுக்கு நடுவே தலையணை, அவ்வளவுதான். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்யாதே. ஹாஸ்டலில் ஒருத்தியைப் படுக்க வைத்து, அவள் உடம்பைத் தொட்டுத் தொட்டு வாய்விட்டுச் சொல். சிரித்தவர்களில் ஒருத்தியையே கூப்பிடு.

வார்டில் சிஸ்டர் ஒன்று சொன்னால் புரியாமல் தலையாட்டாதே. பேஷண்டின் இடுப்பருகே கையைக் காட்டி, “இந்தப் பக்கம்தானே சிஸ்டர் கீழே வரணும்?” என்று கேள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டர்களுக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. மயக்க மருந்து கொடுக்கும் முன்பே எந்த இடத்தில் ஆபரேஷன் என்று பேஷண்டிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கத்தி வைக்கும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று அதை மறுபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷ அனுபவம் உள்ள சர்ஜனுக்கும் இதுதான் விதி. முதலாம் ஆண்டுப் பெண்ணுக்கு இதில் என்ன வெட்கம்?

அப்புறம், தமிழ் இலக்கியத்தை ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். திட்டுக்குப் பயந்து வந்து உட்கார்ந்து அவர்களுடைய இடத்தை அடைக்காதே. முதலில் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, டாக்டர் பாட்டியைப் பார்த்த பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல். அதற்கப்புறமும் படிப்பை விடத் தோன்றினால் எனக்கு எழுது.